விரலும் விளிம்பும்

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)

நல்ல காரியம் ஒன்று நடக்கும்போது ஒருவர் குறுக்கே நின்றால், "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று ஏசுகிறோம். அந்தச் சொல் தேரோட்டத்திலிருந்து வந்தது. வடம் பிடித்து இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். ஆனால் தேர் வீதி முனையில் ஒழுங்காகத் திரும்புவதும், ஒரு வீட்டுத் திண்ணையிலும் இடிக்காமல் நிற்பதும் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்கும் சிலரின் கையில்தான் இருக்கிறது. இழுப்பவரைப் போற்றுகிறோம்; நிறுத்துபவரின் கருவியை வசைச் சொல்லாக்கி விட்டோம். இது நியாயமா?

ஓடச் செய்யும் பொறிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நிற்கச் செய்யும் பொறி ஒன்றைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். மலைப்பாதைச் சைக்கிளிலும், 'டிரையல்ஸ்' என்னும் விளையாட்டுக்குரிய சைக்கிளிலும் பொருத்தப்படும் எண்ணெய் பிரேக் அது. சக்கரத்தின் விளிம்பாகிய ரிம்மையே இரு புறமும் கவ்விப் பிடிப்பது அதன் தனித்தன்மை. கடற்கரை ஊரில் பிறந்த எனக்கும் அதற்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

கம்பி, வயர், எண்ணெய்

மரக்காணத்தை அடுத்த ஒரு சிற்றூரில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் என் தந்தை சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வாடகைச் சைக்கிள் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, நான் அறிந்த முதல் பிரேக் புத்தகத்தில் பார்த்ததன்று, கடையில் பார்த்தது.

நம் ஊர்களில் பால்காரர்களும் மீன்காரர்களும் ஓட்டிய கறுப்பு நிற உயரச் சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, குதிரை லாடம் போன்ற ஒரு வளையத்தை மேலே தூக்கும். அதில் உள்ள இரு கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் போய் ஒட்டும். எளிமையான ஏற்பாடு. ஆனால் கம்பி வளைந்த இடத்திலும், மூட்டு தேய்ந்த இடத்திலும் விரலின் விசையில் ஒரு பங்கு வீணாகும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும்.

அடுத்தது வயர் பிரேக். உறைக்குள் ஓடும் எஃகு வயர் விசையைக் கொண்டு செல்கிறது. கம்பியைவிட இலேசானது; எங்கு வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டு போகலாம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் உராய்வு உண்டு. இழுக்கும்போது வயர் சிறிது நீளும். உறை சிறிது சுருங்கும். எங்கள் ஊரின் உப்புக்காற்றில் உறைக்குள் துரு ஏறிவிட்டால் பிடி கல்லாகிவிடும். அழுத்தியது நூறு என்றால் கட்டைக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று வயருக்கே தெரியாது.

மூன்றாவது எண்ணெய். பிடியின் அடியில் ஒரு சிறு உருளை. அதில் ஒரு பிஸ்டன். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று சக்கரத்துக்குச் செல்கிறது. ரிம்மின் இரு புறமும் ஒவ்வொரு உருளை. அவற்றின் பிஸ்டன் முனையில் பிரேக் கட்டைகள். உள்ளே முழுவதும் எண்ணெய். குழாய் எத்தனை வளைவு வளைந்தாலும் எண்ணெய்க்குக் கவலையில்லை. ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் மறு முனையில் அப்படியே நிற்கும்.

பாஸ்கல் முதல் பாட் உராக் வரை

இதன் அடிப்படையை நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதே பாஸ்கல் விதி. பிரெஞ்சு நாட்டில் 1623இல் பிறந்த பாஸ்கல் 1662இல், முப்பத்தொன்பது வயதில் மறைந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவரது நூல் மறு ஆண்டு, 1663இல்தான் அச்சேறியது.

விதி பிறந்த உடனே கருவி பிறந்துவிடவில்லை. இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றது 1795இல். மால்கம் லாக்ஹீட் உருவாக்கிய எண்ணெய் பிரேக், அமெரிக்காவின் டூசன்பர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது 1921இல். சைக்கிள் இன்னும் காத்திருந்தது. ஜெர்மனியின் தென்பகுதியில் பாட் உராக் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே 1893இல் குஸ்டாவ் மாகன்விர்த் தொடங்கிய தொழிலகமே மகுரா. நிறுவியவர் பெயரின் முதற்பகுதியையும் ஊர்ப் பெயரின் முற்பகுதியையும் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. மோட்டார் சைக்கிள் பிடிகளுக்குப் பெயர் பெற்ற அந்நிறுவனம் 1987இல் ரிம்மைப் பிடிக்கும் எண்ணெய் பிரேக்கைச் சைக்கிளுக்குக் கொண்டு வந்தது. 'ஹைட்ரோ ஸ்டாப்' என்பதைச் சுருக்கி 'எச்.எஸ்.' என்று பெயரிட்டனர். அவ்வரிசையில் வந்த எச்.எஸ். 33 என்பது மலைச் சைக்கிள் ஓட்டுவோர் நடுவில் பெரும் புகழ் பெற்றது. அதில் ஓடுவது நீல நிறமான கனிம எண்ணெய். கார் பிரேக்கில் ஊற்றும் திரவத்தை இதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப் போகும்.

நிற்பதே விளையாட்டு

இந்தப் பிரேக்கின் அருமை முழுவதும் விளங்க வேண்டுமானால் டிரையல்ஸ் விளையாட்டைப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் பாறைகளையும் ஓடைகளையும் கடக்கும் பந்தயமே முதலில் இருந்தது. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில், அப்பந்தயக்காரர்களின் பிள்ளைகள் பழகுவதற்காக மோட்டார் இல்லாத வண்டியில் அதே விளையாட்டு வளர்ந்தது. 'மோட்டார் இல்லாத டிரையல்' என்ற பொருளில் அதை 'டிரையல்சின்' என்றே அழைத்தனர். அனைத்துலக சைக்கிள் கழகம் இதற்கு உலக வாகைப் போட்டி நடத்தத் தொடங்கியது 1986இல்.

மற்றச் சைக்கிள் பந்தயங்களில் வேகம் முக்கியம். இதில் வேகத்துக்கு மதிப்பில்லை. ஆள் உயரப் பாறை, அடுக்கிய மரத்தடிகள், சிமெண்டுக் குழாய்கள் ஆகியவற்றின் மேல் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி இறங்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் உட்காரும் இருக்கைகூட இல்லை. ஓட்டுபவர் பின் சக்கரத்தின் மேல் மட்டும் நின்று, முன் சக்கரத்தை வானத்தில் தூக்கி, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவுவார். தாவும் கணத்தில் பிரேக்கை விடுகிறார். பெடலை ஓர் உதை உதைக்கிறார். இறங்கும் கணத்தில் மீண்டும் பூட்டுகிறார். பூட்டிய சக்கரம் ஒரு சாண் உருண்டாலும் ஆள் கீழே விழுவார்.

இங்கே பிரேக்கின் வேலை வேகத்தைக் குறைப்பதன்று; அசையாமல் பிடிப்பது. ஒற்றை விரல் பிடியில் இருக்க, மற்ற விரல்கள் கைப்பிடியைப் பற்றியிருக்க வேண்டும். ஆகவே, அந்த ஒரு விரலின் விசை வழியில் வீணாகக் கூடாது. ரிம்முக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 26 அங்குலச் சக்கரத்தில், மையத்திலிருந்து ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைகள் பிடிக்கின்றன. 160 மில்லிமீட்டர் வட்டு பிரேக்கில் அந்தத் தூரம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது அல்லவா? ஒரே சக்கரத்தைப் பிடித்து நிறுத்த, ரிம்மில் ஏறக்குறையக் கால் பங்கு உராய்வு விசையே போதும். மேலும் வட்டில் பிடித்தால் போக்ஸ் கம்பிகள் வழியாகத்தான் பிடிப்பு டயருக்குப் போக வேண்டும். ரிம்மில் பிடித்தால் டயருக்கு அருகிலேயே பிடித்ததாகும்.

டிரையல்ஸ் ஓட்டுபவர்கள் ரிம்மின் பக்கச் சுவரைச் சாணை பிடிக்கும் சக்கரத்தால் கீறிச் சொரசொரப்பாக்குவதும் உண்டு. கட்டை சீக்கிரம் தேயும், பிரேக் ஊளையிடும், அவர்கள் கவலைப்படுவதில்லை. கட்டை உள்ளே அழுத்தும் அதே விசையோடு சைக்கிளின் சட்டம் வெளிப்புறம் தள்ளப்படும். நியூட்டனின் மூன்றாம் விதி சும்மா இருக்குமா? சட்டம் விரிந்து கொடுக்காதிருக்க, இரு புறத்தையும் இணைத்து லாட வடிவில் ஒரு தகடு பொருத்துகிறார்கள்.

குறைகளையும் சொல்லாமல் விடுவது முறையன்று. மலைப்பாதையில் சேறும் தண்ணீரும் முதலில் சேர்வது ரிம்மில்தான். நெடுஞ்சரிவில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும். நாளடைவில் அதன் சுவர் தேய்ந்து மெலியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிம் சிறிது கோணினாலும் பிரேக் கெடும். இக்காரணங்களால் மலைச் சைக்கிள்களில் வட்டு பிரேக் இடம் பிடித்துவிட்டது. டிரையல்ஸ்காரர்களும், நெடும்பயணம் செல்லும் சிலரும் மட்டும் ரிம்மை எளிதில் விடவில்லை.

கடைக்கு வந்த கணக்கு

அப்படி நெடும்பயணம் வந்த ஒருவரால்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். 2025ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை. ஐரோப்பாவைச் சேர்ந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர். சாலைப் பள்ளத்தில் இறங்கியதில் பின் சக்கரம் கோட்டமாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை ரிம் பிரேக் கட்டையில் 'சரக்' என்று உரசியது.

அப்பா பிடியை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். "இதென்னடா, கார் பிரேக்கு மாதிரி மெத்துனு இருக்குது" என்றார். பிறகு வழக்கம்போல, "அவசரம்னா கட்டையைக் கொஞ்சம் அகட்டி வெச்சுடலாம், உரசாது. அந்தம்மாகிட்ட கேளு" என்றார். எங்கள் ஊர் வாடிக்கையாளர்களுக்கு அது போதும். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அம்மையார் தலையை அசைத்து மறுத்தார். பிடியைக் காட்டி, அது கைப்பிடியில் போய் முட்டிவிடும் என்று சைகை செய்தார்.

"ஏன் முட்டணும்?" என்று அப்பா கேட்டார். அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முதல் அப்பா என்னைக் கடையில் வேலை செய்ய விட்டதில்லை. கையில் கிரீஸ் பட்டால் புத்தகம் அழுக்காகும் என்பார். "இந்தத் தொழில் என்னோட போகட்டும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. நான் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்டதும் இல்லை. கேட்டால் தமக்கு விளங்காது என்று எண்ணியிருப்பார். கடையும் கல்லூரியும் அடுத்தடுத்த ஊர்களாக இருந்தும் பேருந்து இல்லாத ஊர்கள் போல இருந்தன. அன்றுதான் முதல் கேள்வி வந்தது.

ரிம்மில் குறி வைக்கும் சாக்குக்கட்டியை எடுத்துக் கடையின் தகரக் கதவில் எழுதினேன். அந்தப் பிரேக்கின் உள்ளளவு தெரியாது. கணக்குக்காக அளவுகளை நானே எடுத்துக்கொண்டேன். பிடி ஒரு நெம்புகோல்; விரலின் விசையை 4 மடங்காக்குகிறது என்று வைத்தேன். விரல் 50 நியூட்டன் அழுத்தினால் மேல் பிஸ்டனில் 200 நியூட்டன். அதன் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் எண்ணெயின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்கு. கீழே உள்ள பிஸ்டன்கள் ஒவ்வொன்றும் 15 மில்லிமீட்டர் விட்டம். பரப்பு இரண்டேகால் மடங்கு; எனவே ஒவ்வொரு கட்டையும் 450 நியூட்டன் விசையோடு ரிம்மை அழுத்தும். விரல் கொடுத்தது 50. ரிம்முக்கு இரு புறமும் கிடைப்பது 450.

"சும்மாவா கிடைக்குது?" என்றார் அப்பா.

சும்மா கிடைக்கவில்லை என்பதுதான் இயற்கையின் நேர்மை. மேலே தள்ளிய எண்ணெய் கீழே இரண்டு பெரிய உருளைகளுக்குப் பங்காகிறது. ஆகவே, கட்டை 1 மில்லிமீட்டர் நகர மேல் பிஸ்டன் 4.5 மில்லிமீட்டர் நகர வேண்டும். விரலோ 18 மில்லிமீட்டர் நகர வேண்டும். கட்டையை ரிம்மிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் விரல் 36 மில்லிமீட்டர் பயணம் செய்த பிறகே கட்டை ரிம்மைத் தொடும். இன்னும் அகட்டினால் பிடி கைப்பிடியில் முட்டும், பிரேக் பிடிக்காது.

அப்பா கதவையே சிறிது நேரம் பார்த்தார். "அப்போ இங்க ஒரு மில்லி கோட்டம்னா, அங்க ஒரு வெரக்கடை போயிடும்" என்றார். எண்கள் அவருக்கு அப்படித்தான் விளங்கின. 18 மில்லிமீட்டர் ஏறக்குறைய ஒரு விரற்கடைதானே! என் கணக்கை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

பிறகு வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தை அதன் இடத்திலேயே சுழலவிட்டு, கோட்டம் எடுக்க உட்கார்ந்தார். சாக்குக்கட்டியை ரிம்முக்கு அருகே அசையாமல் பிடித்தால் மேடான இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் ஒரு பக்கத்துப் போக்ஸ் கம்பியை இறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைச் சிறிது தளர்த்த வேண்டும். கால் சுற்று, அரைக்கால் சுற்று. ஒன்றைச் சரி செய்தால் பக்கத்தில் இன்னொன்று கோணும். வெள்ளைக் கோடு நீளமாகிக்கொண்டே வந்து, கடைசியில் ரிம் முழுவதும் ஒரே மாதிரி விழும்போது சக்கரம் நேராயிற்று என்று பொருள். பாதி வேலையில் போக்ஸ் சாவியை என்னிடம் நீட்டி, "இந்தப் பக்கம் நீ திருப்பு, நான் கோடு பார்க்கறேன்" என்றார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சாவி என் கைக்கு வந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவே ஓர் அஞ்சலட்டையை நுழைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். இரு புறமும் அட்டை அசையாமல் நின்றது. அம்மையார் பிடியை ஒரு விரலால் தொட்டார். சக்கரம் அங்கேயே நின்றது. அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கதவில் எழுதிய கணக்கை அப்பா துடைக்கவில்லை. பின்னர் ஒரு மழை வந்துதான் அதை அழித்தது.

குமிழி

விசை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பெருகிச் செல்கிறது. அதே நேரத்தில் துல்லியத்தின் தேவை அந்த முனையிலிருந்து இந்த முனைக்குப் பெருகி வருகிறது. பாஸ்கலின் விதி எத்தனை உயர்ந்ததானாலும், ரிம்மை நேராக்கும் கை ஒன்று இல்லாவிட்டால் அது பயன்படாது. இதைத்தான் அந்தப் பிரேக்கிடம் நான் கற்றேன்.

இன்னொன்றும் கற்றேன். இந்தப் பிரேக்கில் எண்ணெய் நிரப்பும்போது ஊசிக்குழல் கொண்டு கீழிருந்து மேலாக ஏற்றுவார்கள். உள்ளே இருக்கும் காற்று மேலே வெளியேற வேண்டும். திரவம் எளிதில் சுருங்காது. நீரின் பருமன் நூற்றில் ஒரு பங்கு குறையவே ஏறக்குறைய 220 மடங்கு காற்று மண்டல அழுத்தம் வேண்டும். காற்று அப்படியன்று. 25 மடங்கு அழுத்தம் கூடினால் ஒரு குமிழி இருபத்தாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விரல் அழுத்திய தூரமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகும். எண்ணெய் இருக்கும், கட்டை இருக்கும், விரலும் இருக்கும். பிடிப்பு மட்டும் இருக்காது.

என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் நண்பர்கள் இக்கல்லூரியில் பலர். நம்மைப் படிக்க வைக்க, ஒரு முனையில் பெற்றோர் தங்கள் உடல் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்துகிறார்கள். மறு முனையில் நாம் நிற்கிறோம். அவர்கள் தொழில் வேறு, நம் படிப்பு வேறு, இரண்டுக்கும் பேச்சே இல்லை என்று நடுவில் இடம் விட்டால் அதுவே குமிழி. நம்மிடம் அவர்கள் கேட்பது சம்பளம் மட்டுமல்ல. தங்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு பதிலும் கேட்கிறார்கள். ஒரு தகரக் கதவும் ஒரு சாக்குக்கட்டியும் இருந்தால் போதும்.

இவ்வாண்டு எங்கள் துறையின் அறிவியல் கண்காட்சிக்காக, மூன்று ஊசிக்குழல்களையும் ஒரு பிளாஸ்டிக் குழாயையும் கொண்டு அந்தப் பிரேக்கின் மாதிரி ஒன்றைச் செய்து வருகிறேன். உள்ளே நீலச் சாயம் கலந்த தண்ணீர். ரிம் எங்கள் கடையிலிருந்து வருகிறது. கோட்டம் எடுத்துத் தருவது அப்பாவின் பொறுப்பு. கண்காட்சிக்கு வரும் நண்பர்கள் ஒரு விரலால் அழுத்திப் பார்க்கலாம். சக்கரம் நின்றால் பாதிப் பாராட்டை அவருக்குக் கொடுங்கள். அன்று கடையை அடைத்துவிட்டு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.